இரண்டாம் ஆண்டுக்கு வீடு தேடும் கடலோரப் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் முடிந்துகொண்டிருக்கும் இந்த நாட்களில், முதலாம் ஆண்டை முடித்த மாணவ மாணவியர் பலர் ராமநாதபுரம் நகரின் தெருக்களில் ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகையைத் தேடி வெயிலில் நடந்துகொண்டிருக்கிறார்கள். முதலாம் ஆண்டில் விடுதியில் இடம் கொடுத்த கல்லூரி, இரண்டாம் ஆண்டுக்கு வெளியே பார்த்துக்கொள்ளுமாறு கடைசி நேரத்தில் சொல்லிவிடுகிறது. நான் மண்டபம் ஒன்றியத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை. என்னிடம் படித்துக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தங்க ஒரு வீடு பார்த்துத் தரும்படி ஒவ்வொரு கோடையிலும் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அவர்களோடு சென்று நான் கண்டவற்றையும், இந்தக் கோடையிலேயே செய்துவிடக்கூடிய சிலவற்றையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கல்லூரி நிர்வாகங்கள், வீட்டு உரிமையாளர்கள், மாவட்ட நிர்வாகம் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

விடுதியை விட்டு இரண்டாம் ஆண்டினரை அனுப்புவதற்குக் கல்லூரிகள் சொல்லும் காரணத்தை நான் மறுக்கவில்லை. புதிதாகச் சேர்பவர்களை இயன்றவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு பகடிவதைத் தடுப்பு விதிமுறைகள் கூறுகின்றன. கட்டில்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கப் புதியவர்களின் எண்ணிக்கை கூடும்போது, பழையவர்கள்தான் வெளியேற வேண்டியிருக்கிறது. அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகள் 2025-ஆம் ஆண்டு முதல் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. அவற்றில் தங்குமிடமும் உணவும் இலவசம். கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய் உணவுப்படியாக ஒதுக்கப்படுகிறது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே குறிப்பிட்ட தொலைவு இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது என்பதும் நல்ல ஏற்பாடு. இடம் கிடைத்தவர்களுக்கு இவை பெரிய துணை. ஆனால் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. முதலாம் ஆண்டில் கல்லூரியின் சொந்த விடுதியில் இருந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் அரசு விடுதிக்கு வந்து கேட்கிற பிள்ளைக்கு இடம் கிடைப்பது இன்னும் அரிது.

ஊரிலிருந்தே போய்வரக்கூடாதா என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே சாயல்குடிக்கு அப்பால் வரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் நீளும் கடற்கரை எங்களுடையது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்குச் சாலை வழியே சுமார் 55 கிலோமீட்டர். காலை எட்டரை மணிக்கு ஆய்வக வகுப்பு உள்ள பிள்ளை விடியலுக்கு முன்பே பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். மாலையில் ஆய்வகம் முடிந்து திரும்பினால் வீடு சேர இருட்டிவிடும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது முதல் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, தீவுப் பிள்ளைகளுக்குச் சாலையை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் கல்லூரியில் சேர்ந்து, போய்வர முடியாமல் வருகைப்பதிவு குறைந்து, தேர்வு எழுத அனுமதி கிடைக்காதவர்களை நான் அறிவேன். வாலிநோக்கம், மூக்கையூர் போன்ற ஊர்களுக்கு இன்றும் நேரடிப் பேருந்துகள் குறைவு; கீழக்கரையிலோ சாயல்குடியிலோ இறங்கி அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே வீடெடுத்துத் தங்குவது இந்தப் பிள்ளைகளுக்கு வசதிக்காகத் தேடிக்கொள்ளும் ஒன்றன்று. படிப்பைத் தொடர்வதற்கே அது வேண்டியிருக்கிறது.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முதன்மையான காரணம் இனி வருவது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகு உரிமையாளருக்கு வருமானம் இல்லை என்பதோடு இது நிற்பதில்லை. மீன் வருமானத்தில் பங்குக்குக் கடலுக்குப் போகும் தொழிலாளி, ஐஸ் உடைப்பவர், மீன் ஏற்றுபவர், வலை பின்னுபவர், கூடையில் மீன் விற்கும் பெண்கள் என அத்தனை வீடுகளிலும் அடுப்பு சுருங்குகிறது. மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். இதே இரண்டு மாதங்களில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், வர்ணம் அடிப்பதும், இயந்திரத்தைச் சரிசெய்வதும் நடக்கும். இருக்கிற கையிருப்பும் கடனாக வாங்கிய பணமும் அதற்கே போய்விடும். இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்ட குடும்பமாக இருந்தால் அதன் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இரண்டாம் ஆண்டுக்கு வீடு பிடிக்க வேண்டிய காலமும் சரியாக இதுதான். ஏப்ரல் கடைசியில் விடுதியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஜூன் நடுவில் கல்லூரி திறக்கிறது. இடையில் உள்ள வாரங்களில் வீடு பார்த்து முன்பணம் கட்டியாக வேண்டும். மாதம் 8,000 ரூபாய் வாடகையுள்ள ஒரு சிறிய வீட்டை நான்கு பேர் சேர்ந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 2,000 ரூபாய் வாடகை என்பது எப்படியாவது புரட்டக்கூடியதுதான். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு மாதந்தோறும் கிடைக்கும் 1,000 ரூபாய் அதில் பாதியை ஈடுசெய்துவிடும். ஆனால் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால் மொத்தம் 80,000 ரூபாய், ஆளுக்கு 20,000. தரகர் வழியாக வந்தால் ஒரு மாத வாடகை தரகுக்குத் தனி. நிவாரணத் தொகை முழுவதையும் எடுத்து வைத்தாலும் ஒரு பிள்ளையின் பங்குக்குப் பாதிகூட வராது. அந்த நேரத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்தான் கைகொடுக்கிறார். தாயின் காதில் கிடப்பது அடகுக்குப் போகிறது. மே மாதத்தில் பணம் கட்ட முடிந்த அலுவலர், வியாபாரி, வெளிநாட்டில் வேலை செய்பவர் ஆகியோரின் பிள்ளைகள் நல்ல வீடுகளைப் பிடித்துவிட, கடல் தொழில் செய்பவரின் பிள்ளை ஜூலை மாதத்தில் பணத்தோடு வரும்போது மற்றவர்கள் கழித்துவிட்ட வீடுகளே மிஞ்சுகின்றன.

அரசு ஊழியருக்கும் தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் சம்பளச் சீட்டு உண்டு. பங்கு முறையில் கடலுக்குப் போகிறவருக்கு அது கிடையாது. ஒரு வாரம் கை நிறையப் பணம் வரும், மறுவாரம் டீசல் செலவுக்கே காணாது. மாத வருமானம் எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்டால் தந்தை விழிக்கிறார். பொய் சொல்லத் தெரியாத அந்த விழிப்பையே நம்பிக்கையின்மைக்குக் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் பாம்பன், தேவிபட்டினம், வாலிநோக்கம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த மூன்று மாணவர்களோடு நகரில் ஒரு மாடி வீட்டைப் பார்க்கச் சென்றிருந்தேன். வெளிப்புறம் இரும்புப் படி. ஒரு கூடம், ஓர் அறை, சிறிய சமையல் மேடை. போர் தண்ணீர்க் குழாயின் வாயில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. குடிக்க காவிரித் தண்ணீர் வரும் நாளில் தெருக்குழாயில் பிடித்துக் குடத்தோடு மேலே ஏற வேண்டும். பிள்ளைகள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மூன்று பாய் விரித்தால் நடுவில் நடக்க வழியிருக்குமா என்று ஒருவன் தரையில் படுத்தே அளந்து பார்த்தான். இன்னொருவன் ஜன்னலடியில் பலகை போட்டால் படிக்க வசதியாயிருக்கும் என்றான். வீட்டுக்கார அம்மாவும் வாடகையைச் சொல்லி, சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். பிறகுதான், “அப்பா என்ன வேலை பாக்குறாங்க?” என்று கேட்டார். கடல் தொழில் என்று மூவரும் சொன்னார்கள். “அப்ப ஊர்ல இருந்து மீனும் கருவாடும் வந்துக்கிட்டே இருக்குமே” என்றார். மீன் சமைக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வீட்டில் பெரியவரிடம் கேட்டு ஒரு வாரத்தில் சொல்வதாகக் கூறி அனுப்பினார். அதன்பின் எங்கள் தொலைபேசி அழைப்பை அவர் எடுக்கவில்லை. வாடகைப் பலகை மட்டும் அந்த வாசலில் கல்லூரி திறந்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று அந்தப் படியில் இறங்கும்போது பாம்பன் மாணவன், “நம்ம என்ன டீச்சர் தப்பாச் சொன்னோம்?” என்று என்னைக் கேட்டான். பிறந்தது முதல் உண்டு வளர்ந்த உணவையே ஒரு குற்றம்போல மறைக்கச் சொல்லி ஒரு பிள்ளையை வளர்க்க எனக்கு மனம் வரவில்லை. மீன் வாடை மட்டும்தான் தடை என்றும் சொல்வதற்கில்லை. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்ற கேள்விகள் எதை அறிவதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஒரே சாதியார், ஒரே மதத்தார் மட்டும் சேர்ந்து வந்தால் கதவு திறக்கிறது. இந்து, முசுலிம், கிறித்தவப் பிள்ளைகள் மூவர் நண்பர்களாகச் சேர்ந்து வந்தால் மூன்று பேருக்கும் வீடு இல்லாமல் போகிறது. ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டு 1950-களின் தொடக்கத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரோடும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவரோடும் ஒரே அறையில் இருந்ததைப் பின்னாளில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் படம் இல்லாத வரவேற்பறை எங்கள் மாவட்டத்தில் குறைவு. அந்தப் படத்தை மாட்டியிருக்கும் வீட்டார் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு உரிமையாளர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை அவர்களோடு பேசியதில் அறிந்திருக்கிறேன். இளைஞர்கள் நள்ளிரவு வரை சத்தம் போடுகிறார்கள், நான்கு பேர் என்று சொல்லி வந்துவிட்டு எட்டுப் பேர் தங்குகிறார்கள், தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிடுகிறார்கள், கோடை விடுமுறையில் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்கிறார்கள் என்ற குறைகள் கற்பனையல்ல. நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊரில் ஒரு தொட்டி வீணாவது சிறிய இழப்பன்று. மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கப்பட்டது மாவட்டத்துக்குப் பெரும் பேறு. அதனோடு, மாத ஊதியம் பெறும் பணியாளர்கள் பலரும் நகரில் வீடு தேடுகிறார்கள். ஊதியக்காரரும் மாணவரும் ஒரே வீட்டைக் கேட்டால் உரிமையாளர் எவரைத் தேர்வார் என்பதில் வியப்பில்லை.

ஆயினும் மாணவர்களுக்கே தொடர்ந்து வீடு கொடுத்துவரும் ஒரு பெண்மணி கேணிக்கரைப் பகுதியில் இருக்கிறார். அவர் செய்வதெல்லாம் இதுதான்: கோடு போட்ட தாளில் தன் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, எல்லாப் பிள்ளைகளிடமும், ஒவ்வொரு பிள்ளையின் தாய் அல்லது தந்தையிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் வெளியார் கூடாது. மோட்டார் போடுவது வாரம் ஒருவர் பொறுப்பு. காலி செய்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மீன் சமைத்தால் கழிவை அன்றே பொதிந்து குப்பை வண்டியில் சேர்க்க வேண்டும். முன்பணம் இரண்டு மாத வாடகை மட்டும். “பிள்ளைகளைவிட அவுங்க அம்மாகிட்டப் பேசி வச்சுக்கிட்டா ஒரு தொந்தரவும் இல்ல டீச்சர்” என்று அவர் என்னிடம் சொன்னார்.

சட்டமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பதே பொதுவிதி; வீட்டைக் காலி செய்தபின், உரிய பிடித்தங்கள் போக எஞ்சியதை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகைத் தகராறு என்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் உரிமையில்லை. எங்கள் பக்கத்து நகரங்களில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஏதோ எழுதப்பட்ட விதியைப் போலப் புழங்குகிறது. அதைக் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இந்தச் சட்டம் தெரிவதில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்துக்கொள்வதோடு காரியம் முடிந்ததாக இரு தரப்பும் நினைக்கின்றன.

சேர்ந்து தங்கும் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும். வீடு கிடைத்த மகிழ்ச்சியில் அவர்கள் கணக்கை வாயளவில் விட்டுவிடுகிறார்கள். நான்கு பேரில் ஒருவன் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருக்கும். அக்டோபரில் ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டோ வேறு இடத்துக்கோ போய்விட்டால் அவனுடைய பங்கு மற்ற மூவர் தலையில் விழும், முன்பணத்தில் அவன் போட்ட பணத்தை யார் தருவது என்பதில் நட்பு முறியும். ஆளுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள், இடையில் போகிறவர் தனக்குப் பதிலாக வேறொருவரைக் கொண்டுவர வேண்டுமா, சமையலுக்கும் எரிவாயுவுக்கும் எப்படிப் பங்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது. குடிபோகும் நாளில் மின்மீட்டர் அளவையும் சுவர், கதவு, கழிப்பறை ஆகியவற்றின் நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிட வேண்டும். வாடகை கொடுக்கும்போது ரசீது கேட்பதை அவமரியாதையாக நினைத்துப் பிள்ளைகள் கூசுகிறார்கள், கூச வேண்டியதில்லை. மின்கட்டணத்தையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை. ஆனால் துணைமீட்டர் வைத்த வீடுகளில் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை போட்டு வசூலிப்பது பரவலாக நடக்கிறது. அந்தச் சலுகையின் பயன் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளையும் சேர வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவிகள் வீடெடுத்துத் தங்குவதைப் பெற்றோர் பலர் ஏற்பதில்லை. அவர்களுக்கு எஞ்சுவது தனியார் மகளிர் விடுதி. 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி இத்தகைய விடுதி எதுவும் மாவட்ட ஆட்சியரின் உரிமம் பெற்றே நடத்தப்பட வேண்டும். பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்டத் தயங்குகிற இடத்தில் மகளைச் சேர்க்க வேண்டாம். மாதக் கட்டணத்தோடு ஜி.எஸ்.டி. என்று தனியாக எழுதியிருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில், தொடர்ந்து 90 நாட்களாவது தங்குவோருக்கு 2024 ஜூலை முதல் அந்த வரி விலக்கப்பட்டுள்ளது. மகளுக்கு நம்பிக்கையான இடம் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முதலாம் ஆண்டோடு படிப்பு நின்ற பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது தாயோடு கடலில் பாசி எடுக்கப் போகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணை அங்கே காணும்போது ஓர் ஆசிரியைக்கு எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

ராமேசுவரத்தில் படிப்பவர்களின் நிலை வேறு விதமானது. அங்கே வீடு இல்லாமல் இல்லை. வீடுகள் எல்லாம் யாத்திரிகர்களுக்கு நாள் வாடகை அறைகளாக மாறிவருகின்றன. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் ஒரே நாளில் கிடைக்கும் தொகை மாணவர் தரும் மாத வாடகையை எட்டிவிடும்போது, ஓர் ஆண்டு முழுவதற்கும் பிள்ளைகளுக்கு வீட்டைக் கொடுக்க யார் முன்வருவார்? அந்தத் தீவில் அரசே ஒரு மாணவர் விடுதியைக் கூடுதலாகக் கட்டுவதைத் தவிர வேறு தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

மற்ற இடங்களில் தீர்வு அத்தனை செலவுடையதன்று. முதலாவதாக, இரண்டாம் ஆண்டில் விடுதி உண்டா இல்லையா என்பதைக் கல்லூரிகள் பிப்ரவரி மாதத்துக்குள் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். தடைக்காலம் தொடங்குவதற்கு ஒன்றரை மாதமாவது முன்பே தெரிந்துவிட்டால், கடலில் வருமானம் இருக்கும்போதே குடும்பம் சிறிது சிறிதாக எடுத்து வைக்க முடியும். ஏப்ரல் கடைசியில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் எங்களுக்கு ஒன்றுதான். கல்லூரி அலுவலகத்திலேயே, மாணவர்களுக்கு வீடு தர முன்வருவோரின் பட்டியல் ஒன்றும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியரும் இருக்கட்டும். படித்து முடித்துச் செல்லும் மூன்றாம் ஆண்டினர் காலி செய்கிற வீடுகளே ஆண்டுதோறும் கணிசமாக இருக்கும். இப்போது அவை தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லிக் கைமாறுகின்றன; நகரத்தில் உறவினர் இல்லாத பிள்ளையின் காதுக்கு அந்தச் செய்தி எட்டுவதேயில்லை. வீட்டுக்காரருக்கும் பிள்ளைக்கும் நடுவில் கல்லூரியின் பெயர் நின்றால், தகப்பனாரின் தொழிலையும் தெருவையும் கேட்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

கீழக்கரையில் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்பவர்களின் பெரிய வீடுகள் பல, காவலுக்கு ஒருவரோடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்விக்காக வாரி வழங்கிக் கல்லூரிகளையே கட்டியெழுப்பிய ஊர் அது. அங்குள்ள ஜமாஅத்துகள் முன்னின்று, உரிமையாளர்களோடு பேசி, அத்தகைய வீடுகளில் சிலவற்றைப் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் அந்த வீடுகளும் பாழாகாமல் இருக்கும். தங்கச்சிமடம், பாம்பன், ஓலைக்குடா போன்ற ஊர்களின் தேவாலயப் பங்குப் பேரவைகளும் ஊர்க் கமிட்டிகளும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்புக் கடிதம் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத தந்தைக்கு அந்தக் கடிதம் பெரும் பலமாக இருக்கும்.

அரசிடம் ஒன்று கேட்கிறேன். மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசின் பங்காக 3,000 சேர்த்து, மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகிறார்கள். அதற்காகக் கூட்டுறவுச் சங்கங்களில் பெயர்ப்பட்டியலும் வங்கிக் கணக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. அதே சங்கங்கள் வழியாக, கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குச் செல்லும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு வீட்டு முன்பணத்துக்கென்று வட்டியில்லாத கடனாக மே மாதத்தில் ஒரு தொகை கொடுத்து, கடல் திறந்த பின் தவணையாகப் பிடித்துக்கொள்ள முடியாதா? முன்பணம் செலவாகிப்போகிற பணமன்று. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வருவது. ஆகவே அரசுக்கு இழப்பு மிகச் சிறிதாகவே இருக்கும். மீன்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று, ஊர்ப் பெற்றோர் கையெழுத்திட்ட மனுவோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கேட்க இருக்கிறோம்.

அரசின் முடிவு இந்த ஆண்டுக்குள் வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே ராமநாதபுரம், பட்டணம்காத்தான், பாரதி நகர், கீழக்கரைப் பகுதிகளில் வீடு வைத்திருப்போரிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன். தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து, படகுகள் கடலுக்குச் சென்று, பழைய கடன்கள் கழிந்து, பங்குப்பணம் வீட்டுக்கு வரத் தொடங்க ஜூலை ஆகும். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால் இப்போது முதல் மாத வாடகையை மட்டும் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுங்கள். மூன்று மாத முன்பணத்தை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூன்று தவணைகளாக வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள். இவ்வாறு தர ஒப்புக்கொள்கிறவர்கள், பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் அலுவலகத்திலோ, அருகிலுள்ள கடலோர ஊரின் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். பெற்றோரை அழைத்துவந்து பேசி முடிக்கும் பொறுப்பை எங்களைப் போன்ற ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை,
மண்டபம் ஒன்றியம், ராமநாதபுரம் மாவட்டம்.